முதல் ஆர்டரை விடுங்கள், இரண்டாவது ஆர்டர் யாருடையது?

கடலூர், புதுச்சேரி பக்கம் ஆன்லைனில் விற்க இறங்கும் யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி, வெப்சைட் போட எவ்வளவு ஆகும் என்பதுதான். அடுத்த கேள்வி, அமேசான் மாதிரி பெரிய தளத்தில் போட்டால் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்த வியாபாரத்தில் யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள், பதிலுக்கு என்ன வாங்கிக்கொள்கிறார்கள், ஒரு தடவை வாங்கியவர் மறுபடி வாங்க நினைக்கும்போது யாரைத் தேடிப் போவார்?

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கத்தான் பிசினஸ் மாடல் சட்டகங்கள் இருக்கின்றன. 1990களின் கடைசியில் இணைய வியாபாரம் தலையெடுத்தபோது ஆளாளுக்கு ஒன்றை உருவாக்கினார்கள், அதில் ஏழெட்டு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளிலோ ஒன்றே ஒன்றைத்தான் கையில் கொடுக்கிறார்கள், ஒன்பது கட்டம் போட்ட கேன்வாஸ். நிரப்பி முடித்ததும் திட்டம் தயார் என்ற திருப்தி வந்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேன்வாஸ் மோசம் என்று சொல்லவில்லை, அதை முதலில் எடுப்பதுதான் தப்பு என்கிறேன். எதை எப்போது எடுக்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பேச்சு அந்தரத்தில் நிற்கக்கூடாது என்பதற்காக ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்கிறேன். பண்ருட்டிப் பக்கம் ஒரு குடும்பம் முந்திரிக்கொட்டை வாங்கி, உடைத்து, தோல் நீக்கி, முழுப்பருப்பு, பிளவு, உடைசல் என்று தரம் பிரித்து மொத்த வியாபாரிக்குப் போடுகிறது. இப்போது அரை கிலோ பாக்கெட்டாகப் போட்டு நேராக வீடுகளுக்கு விற்க ஆசை. முன்னால் நான்கு வழிகள்: பெரிய விற்பனைத் தளம், சொந்த வெப்சைட், வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும், அப்புறம் ஓஎன்டிசி என்ற பொது இணைய வணிக வலையமைப்பு. எதில் இறங்குவது?

முதலில் பட்டியல் வகைச் சட்டகங்கள். 1998இல் ஐரோப்பிய ஆணையத்தில் இருந்த பால் டிம்மர்ஸ் இணையச் சந்தையின் மாடல்களைப் பதினொன்றாகப் பிரித்தார். இணையக் கடை, இணையக் கொள்முதல், ஏலம், பல கடைகள் சேர்ந்த இணைய வளாகம், மூன்றாம் நபர் நடத்தும் சந்தை, நம்பகத்தன்மைக்குச் சான்று தரும் சேவை என்று போகும் அந்தப் பட்டியல். எது எவ்வளவு புதுமையானது, எத்தனை வேலைகளை ஒன்றாக இணைக்கிறது என்று இரண்டு அளவுகோல்களில் எல்லாவற்றையும் நிறுத்திக் காட்டினார். அவர் செய்த பெரிய உபகாரம் பட்டியல்கூட இல்லை, பிசினஸ் மாடல் என்றால் என்ன என்பதற்குத் தந்த விளக்கம்: பொருளும் சேவையும் தகவலும் எப்படி ஓடுகின்றன, அதில் யார் யாருக்கு என்ன பங்கு, யாருக்கு என்ன லாபம், வருமானம் எங்கிருந்து வருகிறது. இந்த நான்கையும் இன்றைக்கும் யாரும் தாண்டிவிடவில்லை.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ராப்பா போட்ட பட்டியல் ஒன்பது வகை. தரகு, விளம்பரம், தகவல் தரகு, வியாபாரி, உற்பத்தியாளர் நேரடி விற்பனை, ஆள் அனுப்பினால் கமிஷன் தரும் அஃபிலியேட், சமூகம், சந்தா, பயன்படுத்தும் அளவுக்குக் கட்டணம். டிம்மர்ஸைவிட இது எளிது, ஏனென்றால் பெரும்பாலும் காசு எந்த வழியில் வருகிறது என்பதை வைத்தே பிரிக்கிறது.

நம் முந்திரிக் குடும்பத்துக்கு இவை எந்த அளவுக்கு உதவும்? ராப்பாவின் பட்டியலைக் காட்டினால் 'நாம் உற்பத்தியாளர் நேரடி விற்பனை' என்று உடனே விரல் வைத்துவிடுவார்கள். அதே பட்டியலில் சந்தா என்ற வரியைப் பார்த்ததும், மாதம் அரை கிலோ என்று சென்னைக் குடும்பங்களுக்கு அனுப்பினால் என்ன என்று யோசனை ஓடும். அந்த அளவுக்குத்தான். அடுத்து என்ன செய்வது என்று பட்டியல் சொல்லாது. ஓஎன்டிசி மாதிரி பின்னால் வந்த ஒன்றை எங்கே வைப்பது என்றாலும் திணறும். வாங்குபவர் ஒரு ஆப்பில் இருக்கிறார், விற்பவர் வேறொரு ஆப்பில் இருக்கிறார், நடுவில் பொதுவான ஒரு வலையமைப்பு. இதைத் தரகு என்று ஒரு வார்த்தையில் அடைத்தால் விஷயமே கைநழுவிவிடும். ஆக, பட்டியல்களை ஒரு மாலை நேரம் படித்துவிட்டு மூடி வைத்துவிடலாம்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்தது. 2001இல் பீட்டர் வெய்லும் மைக்கேல் விட்டாலேவும் எட்டு அடிப்படை மாடல்களைச் சொன்னார்கள், எந்த இணைய வியாபாரமும் இவற்றில் ஒன்றோ பலவோ சேர்ந்த கலவை என்றார்கள். எண்ணிக்கை முக்கியமில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் அவர்கள் படம் போட்டு மூன்று கேள்வி கேட்டார்கள்: வாடிக்கையாளரோடு உறவு யார் கையில், வாடிக்கையாளர் பற்றிய தகவல் யார் கையில், பணப் பரிவர்த்தனை யார் கையில்?

இந்த மூன்றையும் முந்திரிக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய தளத்தில் விற்றால், வாங்குபவர் மனதில் 'அந்த ஆப்பில் வாங்கினேன்' என்றுதான் பதியும், உறவு தளத்துடையது. அவருடைய போன் நம்பர் பெரும்பாலும் விற்பவருக்கு வராது, தகவலும் தளத்துடையது. பணத்தைத் தளம் வசூலித்து, தன் பங்கைப் பிடித்துக்கொண்டு, சில நாள் கழித்துக் கணக்கில் போடுகிறது, பரிவர்த்தனையும் அவர்களுடையது. மூன்றும் அங்கே என்றால் இந்தக் குடும்பம் இருக்கும் இடம் எது? முன்பு மொத்த வியாபாரிக்குச் சரக்கு போட்ட அதே இடம்தான், பாக்கெட் மட்டும் சின்னதாகியிருக்கிறது. நேரடி விற்பனை என்று ராப்பாவின் பட்டியலில் விரல் வைத்தது இங்கே பொய்யாகிவிடுகிறது.

இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை. தளத்தில் முந்திரி விற்றுக்கொண்டிருந்த ஒரு அக்கா, பார்சல் ஸ்லிப்பில் பெயரும் ஊரும் பார்த்துப் பார்த்து, சேலத்தில் ஒரே ஆள் மூன்றாம் தடவை வாங்குகிறார் என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "தம்பி, அவங்க போன் நம்பர மட்டும் எப்படியாவது எடுத்துக் குடேன், தீபாவளிக்கு நானே பேசிக்கிறேன்" என்றார். எடுத்துக் கொடுக்க வழியில்லை. அவருடைய நிரந்தர வாடிக்கையாளர் அவருக்கே எட்டாத இடத்தில் இருந்தார். வெய்ல்–விட்டாலேயின் இரண்டாவது கேள்வி என்ன என்பதை அந்த அக்கா படிக்காமலே கேட்டுவிட்டார்.

வாட்ஸ்அப்பில் விற்றால் மூன்றும் உங்கள் கையில். யூபிஐ நேராக உங்கள் கணக்குக்கு வருகிறது, நம்பர் உங்கள் போனில் இருக்கிறது, கேள்வி கேட்டால் பதில் சொல்வது நீங்கள். ஆனால் புது ஆளைக் கண்டுபிடிக்கும் பாரமும் உங்கள் தலையில்தான். சொந்த வெப்சைட்டும் அப்படியே, கூடவே வெப்சைட்டைப் பராமரிக்கும் செலவு. புதுச்சேரி வெள்ளை நகரப் பகுதியில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கி நடத்துபவர்களுக்கும் இதே மூன்று கேள்விதான். முன்பதிவு ஆப் வழியாக வந்தவர் அடுத்த தடவை வரும்போது ஆப்பைத் திறப்பாரா, உங்களுக்கு போன் போடுவாரா? கட்டில் மெத்தையைவிடப் பெரிய கேள்வி அது.

இந்தச் சட்டகத்தின் குறை, கணக்கு போடாது. உறவு உங்கள் கையில் இருக்கிறது, ரொம்ப சரி, அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் படம் பேசாது. அதற்குத்தான் அடுத்தது.

நெதர்லாந்தில் யாப் கோர்டெய்ன், ஹான்ஸ் ஆக்கர்மன்ஸ் இருவரும் உருவாக்கிய ஈ3 வேல்யூ. 2000களின் தொடக்கத்தில் வந்தது. கணினித் துறையிலிருந்து வந்ததால் பார்க்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், வகுப்புகளில் இதை யாரும் எடுப்பதில்லை. ஆனால் இணைய வியாபாரத்துக்கென்றே பிறந்த சட்டகங்களில் கையால் வேலை செய்து பார்க்க இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. விதி ஒன்றுதான்: ஒவ்வொருவரையும் ஒரு பெட்டியாகப் போடுங்கள், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மதிப்புள்ள ஏதாவது போனால் அம்புக்குறி போடுங்கள், ஒவ்வொரு அம்புக்கும் எதிர்த்திசையில் ஓர் அம்பு இருந்தே ஆக வேண்டும். யாரும் சும்மா எதையும் கொடுப்பதில்லை. பிறகு ஒவ்வொரு அம்பிலும் ரூபாயை எழுதி, ஒவ்வொரு பெட்டிக்கும் என்ன மிஞ்சுகிறது என்று கூட்டுங்கள். ஏதாவது ஒரு பெட்டிக்கு நஷ்டம் என்றால் அந்த ஆள் கொஞ்ச நாளில் கழன்றுகொள்வார், மாடல் நிற்காது. கவனியுங்கள், உங்கள் பெட்டிக்கு மட்டுமல்ல, எல்லாப் பெட்டிக்கும் லாபம் வர வேண்டும். கூரியர்காரருக்குக் கட்டுப்படியாகாத விலைக்கு அவரை அமுக்கிவிட்டு, பார்சல் நசுங்கி வருகிறது என்று புலம்பிப் பயனில்லை.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானாக வைத்துக்கொண்டவை, வரியையும் ஒதுக்கிவைக்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அரை கிலோ பாக்கெட் 600 ரூபாய். பருப்பின் அடக்கம் 420. பாக்கெட், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 25. மிச்சம் 155.

பெரிய தளத்தில் கமிஷன், இதர கட்டணம், அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 130 போகிறது என்று வைப்போம். கையில் 25. சொந்த வெப்சைட்டில் கூரியர் 60, பணம் வாங்கும் கேட்வேக்கு 12, அந்த ஆளைக் கூட்டிவர விளம்பரம் 50. கையில் 33. பெரிய வித்தியாசம் இல்லையே, இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். இங்கேதான் நிறைய பேர் தளத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

இப்போது அதே ஆள் இரண்டாவது தடவை வாங்குகிறார். தளத்தில் மறுபடி 130 போகும், மறுபடி 25தான். சொந்த வழியில் விளம்பரச் செலவு இல்லை, 83 மிஞ்சும். வாட்ஸ்அப்பில் நேராக யூபிஐ போட்டால் கேட்வே செலவும் இல்லை, 95. முதல் ஆர்டரில் எட்டு ரூபாயாக இருந்த வித்தியாசம் இரண்டாவது ஆர்டரில் வெப்சைட்டில் ஐம்பத்தெட்டு, வாட்ஸ்அப்பில் எழுபது ரூபாய். முழு முடிவும் இந்த இடத்தில்தான் தொங்குகிறது. மறுபடி மறுபடி வாங்கும் பொருள் என்றால் உறவைக் கையில் வைத்துக்கொள்ளப் பணம் செலவழிக்கலாம். ஒரே தடவை வாங்கும் பொருள் என்றால், உதாரணமாக வில்லியனூர் டெரகோட்டாவில் ஆளுயரக் குதிரை, அடுத்த தடவை என்ற பேச்சே அனேகமாக இல்லை, கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே கடை போடுவதுதான் புத்தி.

ஈ3 வேல்யூ படத்தில் இன்னொன்றும் வெளியே வரும், சிஓடி, அதாவது பார்சல் வாசலுக்கு வந்தபின் பணம் கொடுப்பது. வாங்குபவர் வாசலில் பார்சலை வேண்டாம் என்று திருப்பிவிட்டால், உங்களிடமிருந்து கூரியருக்கு இரண்டு தடவை பணம் போகிறது, வாங்குபவரிடமிருந்து உங்களுக்கு எதிர் அம்பு இல்லை. விதி உடைந்த இடம். எவ்வளவு வலிக்கும் என்று பார்க்கலாம். சொந்த வெப்சைட்டில் பத்து ஆர்டர், எல்லாம் சிஓடி, எட்டு பேர் வாங்கிக்கொண்டார்கள், இரண்டு திரும்பியது. கேட்வேக்குப் பதில் சிஓடி கட்டணமும் அதே 12 என்று வைத்தால், விளம்பரத்தைச் சேர்க்காமல் எட்டு பாக்கெட்டில் 664. பத்து பேருக்குமான விளம்பரம் 500. திரும்பிய இரண்டுக்கும் போகும்போது 60, வரும்போது 50, மொத்தம் 220. கூட்டிக் கழித்தால் 56 ரூபாய் நஷ்டம், நசுங்கிய பெட்டிகளை எண்ணாமலே. பத்தில் இரண்டுதானே என்று சாதாரணமாகச் சொல்வோம், அந்த இரண்டு எட்டையும் விழுங்கிவிடுகிறது. முன்பணம் கட்டினால் இருபது ரூபாய் தள்ளுபடி என்று வைத்தால் என்ன ஆகும், சிஓடிக்கு முன்னால் ஒரு போன் போட்டு உறுதி செய்தால் என்ன ஆகும் என்று அதே படத்தில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கேன்வாஸில் 'வருமான வழி: சிஓடி, யூபிஐ' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்திருப்போம்.

ஓஎன்டிசிக்கும் இந்தப் படம்தான் ஒத்துவரும். 2021 டிசம்பர் கடைசியில் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவானது அது. கடை நடத்துவதில்லை, கடைகளும் ஆப்களும் பேசிக்கொள்ளும் வழியை மட்டும் வகுக்கிறது. வாங்குபவரின் ஆப் ஒரு பெட்டி, உங்கள் பக்க ஆப் ஒரு பெட்டி, டெலிவரி ஒரு பெட்டி. வாங்குபவரைக் கொண்டுவந்ததற்காக அந்த ஆப்புக்கு ஒரு பங்கு, உங்கள் பொருளை வலையமைப்பில் ஏற்றியதற்காக இந்த ஆப்புக்கு ஒரு பங்கு. தனித்தனியாகப் போட்டால்தான் மொத்தம் என்ன போகிறது என்று தெரியும். வெய்ல்–விட்டாலேயின் மூன்று கேள்வியையும் இந்தப் படத்தின் மேலேயே எழுதிக்கொள்ளலாம்: உறவு பெரும்பாலும் வாங்குபவரின் ஆப்பிடம். ஒரே தளம் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளாது என்பது உண்மை, அதனாலேயே வாடிக்கையாளர் உங்களுடையவர் ஆகிவிடுவார் என்பது உண்மையில்லை.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு, வெளிநாட்டில் செய்த எந்தச் சட்டகத்திலும் இதற்கென்று தனி இடமில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி சாலையில் போனால் முள்ளோடையில் மாநிலம் மாறிவிடுகிறது. ஜிஎஸ்டிக்கு அது மாநிலம் விட்டு மாநிலம் விற்பது. பொருளை இப்படி வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்கு உண்டு. சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் குறைந்த சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்துகொண்டும் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்க முடியாது. புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு அனுப்பினால் வழியில் கடலூர், சிதம்பரம் எல்லாம் வந்தாலும் அது உள்மாநில விற்பனை. ஆனால் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் உட்கார்ந்துகொண்டு பக்கத்திலிருக்கும் கடலூருக்கு அனுப்பினால் வெளிமாநிலம்! பதிவுக்கான வரம்பும் வேறு: பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம்.

இதனால் மாடலே மாறும். பண்ருட்டிக் குடும்பம் ஆரம்பத்தில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பது என்று முடிவெடுத்தால், சென்னை, கோவை, மதுரையே தாராளமான சந்தை, பதிவில்லாமல் கொஞ்ச காலம் ஓட்டலாம். 2023 அக்டோபரிலிருந்து, உள்மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரி சில நிபந்தனைகளோடு ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே தளங்கள் வழியாகவும் விற்கலாம் என்று ஆகிவிட்டது. புதுச்சேரிக்காரருக்கு இந்தச் சலுகை காகிதத்தில்தான், அவருடைய சந்தை பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது. முதல் நாளே பதிவு எடுத்துவிட்டு முழு இந்தியாவுக்கும் விற்பதுதான் அவருக்குச் சரியான கணக்கு. பதிவு எடுத்துத் தளத்தில் விற்பவர்களிடம் தளம் டிசிஎஸ் என்று விற்பனைப் பணத்திலேயே வரியாக ஒரு பங்கைப் பிடிக்கும், 2024 ஜூலையிலிருந்து அது 0.5 சதவீதம். திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனால் கொஞ்ச நாள் முடங்கிக் கிடக்கும். ஈ3 வேல்யூ படத்தில் அரசுக்கும் ஒரு பெட்டி போட்டுவிடுங்கள், இதெல்லாம் தானாக வெளியே வரும். ஆடிட்டரிடம் ஒரு தடவை உறுதி செய்துகொண்டு எண்களை எழுதுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ரஃபேல் அமித், கிறிஸ்டோஃப் சாட் இருவரின் சட்டகத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2001இல் அமெரிக்க, ஐரோப்பிய இணைய நிறுவனங்கள் 59ஐ ஆராய்ந்து, இணையத்தில் மதிப்பு நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்றார்கள்: செலவும் சிரமமும் குறைவது, ஒன்றோடு ஒன்று சேர்ந்து மதிப்பு கூடுவது, வாடிக்கையாளர் விலகாமல் இருப்பது, புதுமை. கணக்கு போட இது உதவாது, யோசிக்க உதவும். முந்திரியோடு பண்ருட்டிப் பலாச்சுளை வற்றலையும் சேர்த்து ஒரே பெட்டியில் அனுப்பினால் கூரியர் செலவு பங்கிட்டுப் போகும், இது இரண்டாவது ஊற்று. மாதச் சந்தா மூன்றாவது. 83 ரூபாயும் 95 ரூபாயும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றால் வாங்கியவர் மறுபடி வர வேண்டும், ஏன் வருவார் என்பதற்குப் பதில் இந்த நான்கில் ஒன்றிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதற்காக ஒரு அரை மணி நேரம் இதோடு உட்காரலாம்.

சரி, கேன்வாஸ். அலெக்ஸாண்டர் ஆஸ்டர்வால்டர் லோசான் பல்கலைக்கழகத்தில் ஈவ் பிக்னெரிடம் 2004இல் முடித்த ஆய்வேட்டிலிருந்து வந்தது. 2010இல் புத்தகமாகி உலகம் முழுக்கப் பரவியது. வாடிக்கையாளர் யார், அவருக்கு என்ன தருகிறோம், எந்த வழியில் சேர்க்கிறோம், என்ன உறவு, என்ன வருமானம், என்ன வளம், என்ன வேலை, யார் கூட்டாளி, என்ன செலவு என்று ஒன்பது கட்டம். இதன் பலம் மறுக்க முடியாதது: ஒரே தாளில் எல்லாம் தெரியும், வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசலாம், வங்கி மேலாளருக்கும் புரியும். ஒரு கட்டத்தை மாற்றினால் மற்றவை ஆடுவதும் தெரியும்.

ஆனால் இரண்டு விஷயம் அதில் விழாது. ஒன்று, காலம். முந்திரி வியாபாரத்தில் கோடைப் பருவத்தில் கொட்டை வாங்கப் பணம் மொத்தமாக வெளியே போகும், விற்பனை சூடு பிடிப்பது தீபாவளிக்கு. நடுவில் இருக்கும் மாதங்களுக்கு வட்டி யார் கட்டுவது, தளம் செட்டில்மென்ட் பணத்தை எத்தனை நாள் கழித்துப் போடுகிறது என்பதெல்லாம் அசையாத அந்தத் தாளில் தெரியாது. இன்னொன்று, ஆபத்து. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது இந்தப் பகுதியின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. புதுக் கன்று வைத்துக் காய்க்க ஆண்டுகள் ஆகும். 'முக்கிய வளம்: உள்ளூர் முந்திரி' என்று ஒரு கட்டத்தில் எழுதினால் அந்த வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. புயலடித்த வருஷம் என்ன விற்பீர்கள், வெளியூர்க் கொட்டையோ ஆப்பிரிக்கக் கொட்டையோ வாங்கி உடைத்தால் பாக்கெட்டில் 'பண்ருட்டி முந்திரி' என்று போடலாமா? இதற்கு நேர்மையான பதில் முன்கூட்டியே வேண்டும். ஆகவே கேன்வாஸைப் போடுங்கள், கடைசியில் போடுங்கள், பருவத்துக்கு ஒரு தாளாகப் போடுங்கள்: வாங்கும் பருவத்துக்கு ஒன்று, விற்கும் பருவத்துக்கு ஒன்று.

ஆஷ் மௌரியாவின் லீன் கேன்வாஸ் இதில் நான்கு கட்டத்தை மாற்றிவிட்டது. கூட்டாளி, வேலை, வளம், உறவு போய், பிரச்சினை, தீர்வு, முக்கிய அளவீடு, மற்றவரால் எளிதில் நகலெடுக்க முடியாத பலம் என்று வந்தன. இது யாருக்கு? பொருள் விலைபோகுமா என்பதே தெரியாதவர்களுக்கு. முந்திரிக்கு இது வேண்டாம், முந்திரி விலைபோகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பலாக்கொட்டை மாவு விற்கப் போகிறேன் என்பவருக்கு இதுதான் முதல் தாள்.

ஜோன் மக்ரெட்டா 2002இல் சொன்ன சோதனையையும் சேர்த்துக்கொள்வேன், அது சட்டகம்கூட இல்லை. மாடல் என்றால் ஒரு கதை. அந்தக் கதை பொருந்துகிறதா, பிறகு எண்கள் பொருந்துகின்றனவா, இரண்டும் தேற வேண்டும். அமெரிக்காவில் வெப்வேன் வீட்டுக்கே மளிகை கொண்டுவருகிறேன் என்று பிரம்மாண்டமான கிடங்குகள் கட்டிவிட்டு 2001இல் மூடியது. கதை அருமை, யாருக்குத்தான் பிடிக்காது. மளிகையின் மெல்லிய லாபம் அந்தச் செலவைத் தாங்கவில்லை. நம் பக்கம் இதற்கு நேர்மாறாகவும் பார்க்கிறேன். எண்கள் தேறும், கதை தேறாது: 'பண்ருட்டியிலிருந்து நேரடியாக' என்பார்கள், வாங்குபவருக்கு வரும் பாக்கெட்டில் எந்த மாதத்துக் கொட்டை, யார் உடைத்தது, முழுப்பருப்பா பிளவா என்று ஒன்றுமே இருக்காது. அப்படியென்றால் சென்னையில் பக்கத்துக் கடையை விட்டுவிட்டு அவர் ஏன் உங்களிடம் வர வேண்டும்?

எதை எடுப்பது என்றால் நான் சொல்வது இதுதான். இன்னும் இடம் தேர்ந்தெடுக்காதவர்கள், தளமா சொந்தக் கடையா என்று குழம்பி நிற்பவர்கள், வெய்ல்–விட்டாலேயின் மூன்று கேள்வியோடு தொடங்குங்கள், ஒரு மணி நேர வேலை. அதற்கப்புறம் ஈ3 வேல்யூ படத்தை முதல் ஆர்டருக்கு ஒன்று, இரண்டாவது ஆர்டருக்கு ஒன்று, திரும்பி வந்த ஆர்டருக்கு ஒன்று என்று மூன்றாகப் போடுங்கள். இதற்கு சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், கணக்கு நோட்டில் கட்டம் போட்டாலே போதும். ஏற்கெனவே தளத்தில் விற்றுக்கொண்டிருப்பவர்கள் நேராகப் படத்துக்கே போங்கள், கடைசி மூன்று மாத செட்டில்மென்ட் அறிக்கையை இறக்கி உண்மையான எண்களை எழுதுங்கள். எந்தக் கட்டணத்தில் எவ்வளவு போகிறது என்று பிரித்துப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. சுய உதவிக் குழுக்கள் கேன்வாஸோடு தொடங்கினாலும் குற்றமில்லை, அங்கே பத்துப் பேரும் ஒரே திசையில் பேசவைப்பதே முதல் வேலை, ஆனால் கடன் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த மூன்று படங்களையும் போட்டுவிடுங்கள்.

பண்ருட்டிக் குடும்பத்துக்கு என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். தளத்திலும் இருக்கட்டும், ஆனால் உடைசலும் பிளவும் மட்டும், புது ஆட்கள் கண்ணில் படுவதற்காக. முழுப்பருப்பு வாட்ஸ்அப்பிலும் சொந்த வழியிலும் மட்டும், தமிழ்நாட்டுக்குள், முன்பணத்துக்குச் சின்னத் தள்ளுபடியோடு. தளத்தின் விதி தன் வாடிக்கையாளரை வெளியே இழுக்கக்கூடாது என்று சொல்லுமானால் அதை மீற வேண்டாம், பாக்கெட்டின் மேல் உங்கள் பெயரும் ஊரும் உடைத்த மாதமும் தெளிவாக அச்சாகியிருந்தாலே தேடி வருபவர் வருவார். ஓஎன்டிசியை விற்கும் பருவத்தில் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு, எண்களை அதே நோட்டில் எழுதி, தளத்தின் 25 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கட்டும். இரண்டாவது ஆர்டர்கள் மொத்தத்தில் பாதியைத் தொடும் வரைக்கும் பெரிய செலவில் வெப்சைட் வேண்டாம்.